கோடு போட்ட பை

நாமக்கல்,
15-5-83

அன்புள்ள செல்லிக்கு,

அர்த்தநாரி எழுதிக்கொண்டது. உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. நீ நல்லபடியாக இமயமலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. நான் சுகமா என்று கேட்டிருக்கிறாய். உன் கடிதத்தைப் பிரிக்கிற வரைக்கும் சுகமாகத்தான் இருந்தேன்.

முதலில் ஊர்ச் சமாச்சாரம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பட்டறையில் டயர் அச்சுப் பக்கம் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை, ஆட்கள் மாற்றி மாற்றி வெளியே போய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்றுதான் வருகிறது. அம்மா பத்து நாள் வந்திருந்து சமைத்துப் போட்டாள். போன வெள்ளிக்கிழமை மோகனூருக்கே திரும்பிவிட்டாள். போகிறபோது சும்மா போகவில்லை. டிரில் வாத்தியார்களை மலை ஏறப் பழக்குகிறார்கள் என்றால் அதற்கு ஒரு பொம்பளை வாத்தியார் எதற்கு, ஒன்றரை மாசம் புருஷனைப் பட்டினி போட்டுவிட்டு அங்கே என்ன பாறையைப் பெயர்த்துக்கொண்டு வரப் போகிறாள் என்று கேட்டாள். சேலம் ஜில்லாவிலேயே பொறுக்கி எடுத்தது அவள் ஒருத்தியைத்தான் என்று உனக்காக நான் வாதாடினேன். அது உன் கடிதம் வருவதற்கு முன்னால். இன்றைக்கு அம்மா கேட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

உன் கடிதம் நான்கு பக்கம். அதில் பாலசுந்தரம் சார் என்று ஒன்பது இடத்தில் வருகிறது. விரல் விட்டு எண்ணினேன். என் பெயர் உறையின் மேல் விலாசத்தில் ஒரே இடம்.

பாலசுந்தரம் சார் கோபிப் பக்கத்து டிரில் மாஸ்டராம். இதற்கு முன்னால் மூன்று தடவை இமயமலை போனவராம். கயிறு கட்டுவதில் அவரை அடிக்க ஆள் இல்லையாம். பெண்கள் நீங்கள் மூன்று பேர் படுக்கிற கூடாரத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக் கொடுத்தாராம். அவர் டீ போட்டால் ஏலக்காய் தூக்கலாக இருக்குமாம். செல்லி, எனக்கும் டீ போடத் தெரியும். எட்டு வருஷத்தில் நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. முதல் இரண்டு ராத்திரி நீ குளிரில் கண்ணை மூடவில்லை, கால் கல்லாகப் போய்விட்டது, அதைப் பார்த்து பாலசுந்தரம் சார் தன்னுடைய ஸ்லீப்பிங் பேக்கை உனக்குக் கொடுத்துவிட்டு உன்னுடையதை எடுத்துக்கொண்டார், இப்போது சுகமாகத் தூங்குகிறாய். இப்படி எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அது என்ன குடையா, இந்தா பிடி என்று மாற்றிக்கொள்ள? ஒரு ஆள் ராத்திரி முழுக்க உள்ளே நுழைந்து படுத்து, மூச்சு விட்டு, வேர்த்த பை. அதில் என் பெண்டாட்டி கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். பட்டறையில் உட்கார்ந்து ரப்பர் வாசத்தில் இதைப் படிக்கிற எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

உனக்கு நான் வாங்கிக் கொடுத்த பையில் என்ன குறை? நம்மிடம் டயர் போடுகிற டிரைவர் மருதாசலம் டெல்லி லோடு போகிறபோது வாங்கிவரச் சொன்னேன் அல்லவா, அவன் அங்கே கடையில் இருந்தே எனக்கு டிரங்கால் போட்டான். ஒரே கம்பெனியில் இரண்டு தினுசு இருக்கிறது, ஒன்றில் வெறும் ஐந்து என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் பத்து என்று போட்டு அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு இழுத்திருக்கிறது, எதை வாங்க என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. கோடு போட்டதைத் தொடாதே என்றேன். நம் பட்டறையில் பக்கவாட்டில் வெட்டு வாங்கி ஒட்டுப் போட்ட டயராக இருந்தால் நம்பருக்கு முன்னால் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம், உனக்கே தெரியும். அது லாரிக்குப் போகாது, மாட்டுவண்டிக்குத்தான் போகும். எந்தக் கம்பெனிக்காரனாக இருந்தால் என்ன, கழித்த சரக்குக்கு ஒரு அடையாளம் வைக்காமலா இருப்பான்? அதனால்தான் கோடு இல்லாத நல்ல சரக்கை உனக்கு வாங்கினேன்.

இப்போது நீயே எழுதியிருக்கிறாய், பாலசுந்தரம் சாருடைய பையில் கோடு போட்டுப் பத்து என்று இருக்கிறது என்று. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாதிரி நடித்துக் கழித்த பையை உன் தலையில் கட்டிவிட்டு நல்ல பையை அந்த ஆள் லவட்டிக்கொண்டான். நீயும் நம்பிவிட்டாய். பாடம் எடுக்கிறவள்தானே, இது தெரிய வேண்டாமா?

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. இந்தக் கம்பெனிப் பை இரண்டு இருந்தால் ஜிப்போடு ஜிப் சேர்த்து ஒரே பெரிய பையாக மாட்டிக்கொள்ளலாம் என்று மருதாசலம் சொல்லியிருக்கிறான். அந்த ஆளின் பை என்ன கம்பெனி? ஜிப் வலது பக்கமா, இடது பக்கமா?

கடிதம் கண்டவுடன் அந்தப் பையைத் திருப்பிக் கொடு. நான் வாங்கிக் கொடுத்ததில் படு. குளிர்ந்தால் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள். நீ செய்தாய் என்று எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். யார் டீ கொடுத்தாலும் வாங்கிக் குடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

உன் வீட்டுக்காரன்,
அர்த்தநாரி


நாமக்கல்,
27-5-83

அன்புள்ள செல்லிக்கு,

அர்த்தநாரி எழுதுவது. உன் பதில் வந்தது. நான்கு பக்கம் எழுதுகிறவள் இந்தத் தடவை ஒரு பக்கத்தில் முக்கால். எழுத்தை வைத்தே உன் கோபம் தெரிகிறது, பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது.

ஜிப் எந்தப் பக்கம் என்று கேட்ட மனுஷனுக்குப் பதில் எழுதவே வெட்கமாக இருக்கிறது என்று ஆரம்பித்திருக்கிறாய். சரி. கேட்டது கேட்டதுதான். அதற்கு நீ பதில் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

பிறகு எனக்கு மைனஸ் பாடம் எடுத்திருக்கிறாய். அது கழித்த சரக்கின் கோடு இல்லை, பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரி வரைக்கும் தாங்கும் என்று அர்த்தம், என்னுடைய பை பூச்சியத்துக்கு மேலே ஐந்து வரைக்கும்தான், ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைகளுக்குத் தெரிந்தது டயர்ப் பட்டறை முதலாளிக்குத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாமல் இல்லை. தெர்மாமீட்டரில் மைனஸ் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சாமானின் மேல் வியாபாரி அதை எதற்குப் போடுகிறான் என்பது உன்னைவிட எனக்குத்தான் தெரியும். பத்துத் தாங்கும் என்றால் பத்து என்று போட்டுவிட்டுப் போகிறான், முன்னால் கோடு எதற்கு?

நான் சொன்னபடி செய்துவிட்டாய். அதில் எனக்குச் சந்தோஷம். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், "வேண்டாம் டீச்சர், எனக்கு உங்க பையே தாராளமாப் போதுது" என்று அவர் எவ்வளவோ சொன்னார், நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஜூன் ஏழாம் தேதி மேல் முகாமுக்கு ஏறுகிறோம், பனிக்குப் பக்கத்தில் ஐந்து ராத்திரி, அங்கேயும் நீங்கள் வாங்கிக் கொடுத்த பையில்தான் படுப்பேன், இனி நீங்களே காலில் விழுந்து சொன்னாலும் அந்தப் பையைத் தொடமாட்டேன், போதுமா என்று முடித்திருக்கிறாய்.

போதும். ஆனால் ஒன்று சொல்கிறேன். போன கடிதத்தில் ஒன்பது தடவை பாலசுந்தரம் சார் என்று எழுதினாய். இந்தக் கடிதத்தில் அந்தப் பெயரே இல்லை. வெறுமனே 'அவர்' என்று போட்டிருக்கிறாய். எட்டு வருஷமாக நீ 'அவர்' என்றால் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் என்னைத்தான் தெரியும். முந்தின கடிதமே பரவாயில்லை என்று ஆகிவிட்டது எனக்கு.

நாளைக்குச் சேலம் போகிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வைக்கிற குளிர் கிடங்கில் மிஷின் பார்க்கிறானே ரங்கன், நம் கல்யாணத்துக்குக் கூட வந்தானே, அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளே பூச்சியத்துக்கு மேல் மூன்று டிகிரியாம், சுவரிலேயே தெர்மாமீட்டர் மாட்டியிருக்கிறார்களாம். உன்னுடையது மாதிரியே ஒரு பை கிடைத்திருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதற்குள் புகுந்து படுத்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து உனக்கு எழுதுகிறேன். ரங்கன் கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொல்வான். அப்புறம் உன் மைனஸ் பாடத்தை அந்தக் கயிறு கட்டுகிற மாஸ்டருக்கு நடத்து.

கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. நீ இருப்பாய், எனக்குத் தெரியும்.

உன் வீட்டுக்காரன்,
அர்த்தநாரி


நாமக்கல்,
29-5-83

மதிப்பிற்குரிய திரு. பாலசுந்தரம் அவர்களுக்கு,

நாமக்கல் டயர் ரீட்ரெடிங் பட்டறை அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதுவது. உங்களோடு மலைப் பயிற்சிக்கு வந்திருக்கிற செல்லியம்மாள் டீச்சரின் வீட்டுக்காரன். நேற்று உங்கள் பெயருக்கு நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். என் கடிதத்தைப் பார்க்காமல் மேல் முகாமுக்குப் புறப்பட வேண்டாம் என்று மட்டும் அதில் போட்டேன். விஷயத்தை அதிலேயே எழுதியிருக்கலாம். தந்தி ஆபீஸ் குமாஸ்தா எங்கள் தெருக்காரர். அவர் வாயால் எழுத்தெண்ணிப் படிக்கிற விஷயம் இல்லை இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை எனக்குப் பிடிக்காது. உங்கள் முகம் எனக்குத் தெரியாது, நீங்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, இருந்தாலும் இந்தப் பதினைந்து நாளாக உங்கள் பெயரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் பையை டீச்சர் திருப்பிக் கொடுத்தது என் உத்தரவால்தான். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் மறைக்கிற பழக்கம் உள்ளவள் இல்லை.

நேற்று மத்தியானம் சேலத்தில் ஒரு குளிர் கிடங்குக்குள் போய்ப் படுத்தேன். என் சிநேகிதன் ரங்கன் அங்கே மிஷின் பார்க்கிறவன். டீச்சரிடம் இருப்பது மாதிரியே ஐந்து என்று போட்ட பை என்னிடம் இன்னொன்று இருக்கிறது. வெளியே நாற்பது டிகிரி வெயில், தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. உள்ளே மூன்று டிகிரி. கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்கை விரித்து, வேட்டி சட்டையோடு பைக்குள் புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டேன். ரங்கன் மஃப்ளரும் ஸ்வெட்டருமாக நின்று சிரித்தான். முதல் கால் மணி நேரம் ஜம்மென்று இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, டீச்சருக்கு என்ன என்ன எழுதலாம் என்று மனசுக்குள் வாசகம்கூட அமைத்தேன்.

அரை மணி ஆனதும் முதுகில் ஆரம்பித்தது. குளிர் மேலே இருந்து வரும் என்று நினைத்திருந்தேன், அது தரையிலிருந்து ஏறுகிறது. படுத்த பக்கம் பஞ்சு அமுங்கிப்போய்ச் சாக்கும் நானும்தான் இருந்தோம். அப்புறம் பாதம். விரலை அசைத்துப் பார்த்தால் அசைகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் பல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வாயைக் கடித்துக்கொண்டு கிடந்தேன், ரோசம். இரண்டு மணி நேரம் கழித்து ரங்கன் வந்து ஜிப்பை இழுத்துவிட்டு என்னைத் தூக்கி நிறுத்தினான். வெயிலில் கொண்டுவந்து உட்காரவைத்தும் நடுக்கம் நிற்க நேரமாயிற்று. அந்த வெயிலில் நான் நடுங்குவதைப் பார்த்து, மூட்டை தூக்குகிறவர்கள் மலேரியாவா என்று கேட்டார்கள்.

பையை உதறி மடிக்கிறபோது அடியில் இருந்து ஒரு சின்னத் தாள் விழுந்தது. இங்கிலீஷில் அச்சடித்தது. வாங்கின நாளிலிருந்து நான் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. ரங்கன் படித்துச் சொன்னான். பையின் மேல் போட்டிருக்கிற நம்பர் அந்தப் பைக்குக் கடைசி எல்லையாம். அதுவும் யாருக்கு? நல்ல திடகாத்திரமான ஆம்பளைக்கு, கம்பளி உள்ளுடுப்புப் போட்டு, அடியில் தடித்த விரிப்பு விரித்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஈரம் இல்லாமல் படுத்தால் அந்த டிகிரியில் ஒரு ராத்திரியை ஓட்டலாம் என்கிற கணக்காம். பெண்களுக்கும் குளிர் தாங்காதவர்களுக்கும் அதோடு இன்னும் ஐந்தாறு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டுமாம். ரங்கன் தாளை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான், "உசுரு போகாத அளவுக்குத்தானுங்க இந்த நம்பரு. தூங்கறதுக்குப் போட்ட நம்பரு இல்லீங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதைத்தானே நான் இருபது வருஷமாகப் பட்டறையில் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்! டயரில் பதினாறு பிளை ரேட்டிங் என்று போட்டிருந்தால் உள்ளே பதினாறு அடுக்கு நூல் இருக்கிறது என்று எல்லா டிரைவரும் நம்புவான். பழைய டயரை அறுத்துக் காட்டுவேன், பத்து அடுக்குகூட இருக்காது. அது அடுக்குக் கணக்கு இல்லை, இத்தனை பாரம் வரைக்கும் வெடிக்காது என்கிற கணக்கு, அந்த எல்லையிலேயே தினமும் ஓட்டினால் சித்திரை வெயிலில் நடுரோட்டில் நிற்பாய் என்று திட்டி அனுப்புவேன். நம்பரை நம்பாதே என்று மற்றவனுக்குச் சொன்னவன், என் பெண்டாட்டிக்கு வாங்குகிறபோது கோட்டைப் பார்த்துப் பயந்து ஐந்தை வாங்கிக் கொடுத்தேன்.

கணக்கை நானும் ரங்கனும் போட்டுப் பார்த்தோம். டீச்சரிடம் இருக்கிற பை அவளுக்குப் பத்துப் பதினோரு டிகிரி வரைக்கும்தான். அது ஏற்காட்டுக்குக்கூடக் காணாது. மேல் முகாமில் ராத்திரி பூச்சியத்துக்குக் கீழே ஐந்தாறு போகும் என்று அவளே முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள். நான் டீ விஷயத்தில் கோபப்பட்டுக்கொண்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். நான் மூன்று டிகிரியில், பகலில், இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. அவள் ஐந்து ராத்திரி.

இப்போது உங்கள் விஷயம். அவள் உங்கள் பையில் படுத்திருந்த நாளெல்லாம் அவள் பையில் நீங்கள் படுத்திருக்கிறீர்கள். பதின்மூன்று ராத்திரி வருகிறது. தாராளமாகப் போதும் என்று அவளிடம் சொன்னீர்களாம். அவள் நம்பியிருப்பாள். நான் அதே பைக்குள் படுத்து எழுந்தவன், அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆள் யாரோ ஒரு டீச்சருக்காகப் பதின்மூன்று ராத்திரி அப்படிக் கிடந்துவிட்டுக் காலையில் எழுந்து சிரித்துக்கொண்டே டீயும் போடுவானா? எதற்காகச் செய்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம். எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நேற்றிலிருந்து அது அதிகமாகத்தான் இருக்கிறது. எட்டு வருஷத்தில் அவளுக்காக நான் குளிர் தாங்கினது அந்த இரண்டு மணி நேரம்தான், அதுவும் அவளைத் தோற்கடிக்க.

உங்கள் பையை மறுபடி அவளுக்குக் கொடுத்துவிடுங்கள். மேலே ஏறுவதற்கு முன்னால் கொடுங்கள். மைனஸ் பத்தும் அவளுக்கு மைனஸ் நான்கைந்துதான் என்று அந்தத் தாள் சொல்கிறது. அதனால் அடியில் விரிப்போடு கம்பளியும் மடித்துப் போடச் சொல்லுங்கள். படுக்கப் போகும் முன் காய்ந்த காலுறை மாற்றச் சொல்லுங்கள், அவள் நனைந்ததோடு படுத்துவிடுவாள். கோபம் வந்தால் சாப்பிடமாட்டாள். என் மேல் கோபத்தில் இருக்கிறாள், அதனால் இப்போது சரியாகச் சாப்பிட மாட்டாள். வெறும் வயிற்றோடு படுத்தால் எந்தப் பையும் காப்பாற்றாதாம். கடலையும் வெல்லமும் கொடுத்தால் மட்டும் மறுக்கமாட்டாள். இதை எட்டு வருஷத்தில் நான் கண்டுபிடித்தேன், இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்படியானால் நீங்கள் எதில் படுப்பீர்கள் என்று கேட்பதற்கே எனக்கு வாய் கூசுகிறது. என்னிடம் இருக்கிற பையை நேற்றுச் சாயங்காலமே மருதாசலம் லாரியில் கொடுத்துவிட்டேன். ஜூன் மூன்று வாக்கில் டெல்லி போய்விடுவான். அங்கிருந்து மேலே உங்கள் பக்கம் வருகிற லாரி எதிலாவது டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவான். டிரைவர்கள் கைக்குக் கை மாற்றினால் தபாலைவிட நிச்சயம் என்றாலும் ஏழாம் தேதிக்குள் வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. வந்தால், டீச்சரின் பையையும் அதையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேர்ந்தால் உங்களுக்குப் பூச்சியத்துக்குக் கீழேயும் கொஞ்சம் தாங்கும் என்கிறான் ரங்கன். அந்தப் பையைத் திருப்பித் தர வேண்டாம். அது என்னிடம் இருந்தது டீச்சருக்குத் தெரியாது. ஒரே கம்பெனியில் இரண்டாக வாங்கிவரச் சொன்னவன் நான்தான். பயிற்சி முடிந்து அவள் வந்ததும் கொல்லிமலைக்கு இரண்டு பேரும் போகலாம், அவள் கற்றுக்கொண்டதை எனக்குக் காட்டட்டும் என்று எடுத்து ஒளித்து வைத்திருந்தேன்.

இருபத்தேழாம் தேதி அவளுக்கு நான் எழுதிப் போட்ட கடிதம் ஒன்று இதற்கு முன்னாலேயே வந்து சேரும். அதில் உங்களையும் அவளையும் கேலி செய்து எழுதியிருக்கிறேன். தபால் பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியாதே. அதைப் படித்தால் அவளுக்கு ரோசம் இன்னும் ஏறும். இனி நானே காலில் விழுந்து சொன்னாலும் உங்கள் பையைத் தொடப்போவதில்லை என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறாள். சொன்னால் சொன்னதுதான், அவளை எனக்குத் தெரியும். அதனால்தான் அவளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். என் பெயர் வந்தால் அவள் வாங்கமாட்டாள். நீங்களாகவே பார்த்து, மனசு கேட்காமல் கொடுக்கிற மாதிரியே கொடுங்கள். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள். அவள் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்து, வீட்டுக்காரன் வாங்கிக் கொடுத்த பையை நம்பியிருந்தால் நான் செத்திருப்பேன், பாலசுந்தரம் சார்தான் என்னைக் காப்பாற்றினார் என்று என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். நான் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்லியம்மாளின் வீட்டுக்காரன்
அர்த்தநாரி